சவ்வுக்கு வந்த விருந்தாளி

கொழுப்பு வேதியியலில் சாதித்தவர்களுக்கான விருதுச் சொற்பொழிவு என்னைத் தேடி வந்தபோது, சந்தோஷத்தைவிட அலுப்புதான் அதிகம் வந்தது. பதக்கம் கொடுப்பார்கள், ஐம்பது நிமிடம் பேச வேண்டும். பழைய கதையையே எத்தனை தடவை சொல்வது? கடைசிப் பத்து நிமிடத்துக்குப் புதிதாக ஒன்று வைத்திருந்தேன். செல்லின் சவ்வில் இதுவரை யாரும் பார்க்காத ஒரு கொழுப்பு. ‘சவ்வுக்கு வந்த விருந்தாளி’ என்று அழைப்பிதழிலும் அச்சடித்துவிட்டார்கள்.

அது நானே செய்த சோதனை. பதினோரு வருடமாகக் கோப்பில் கையெழுத்துப் போட்டதைத் தவிர ஆய்வகத்தில் எதையும் தொட்டதில்லை. ஓய்வுபெற ஆறு மாதம் இருக்கும்போது ஆசை வந்து, ஒரு விடுமுறை நாளில் தனியாகப் போய்ச் செய்தேன். கருவி வரைந்த படத்தில் அதுவரை இல்லாத ஒரு முகடு, ‘பீக்’, எழுந்தது; அதுதான் விருந்தாளி.

பேசுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு, அரங்கத்தின் பக்கத்து அறையில் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தேன். இருபத்திரண்டு வருடமாக என்னோடு இருக்கும் ஆய்வக உதவியாளர் உள்ளே வந்தார். கொழுப்பைப் பிரித்தெடுக்க ஊற்றும் குளோரோஃபார்ம் பிளாஸ்டிக்கையும் கரைத்துவிடும், கண்ணாடியைத் தவிர எதையும் எடுக்காதே என்று எல்லாரையும் விரட்டுவதால் மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் கண்ணாடியக்கா. அந்தப் பாடத்தை அவருக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான்.

“மேடம், உங்க பீக் இருக்கே... நேத்து சாம்பிள் போடாம, வெறும் குளோரோஃபார்ம ஓட்டிப் பாத்தேன். அப்பவும் வருது.”

“எந்தக் குழாய்ல?”

“நீங்க எடுத்த அதே பெட்டியிலதான். குழாய் கண்ணாடி. மூடி பிளாஸ்டிக்.”

ஊருக்குத்தான் உபதேசம். குழாயைப் பார்த்தவள் மூடியைப் பார்க்கவில்லை. வெறுமனே ஒரு தடவை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பது முதல் வருட மாணவருக்கே தெரியும். அன்றைக்குக் கால் வலித்தது, வீட்டுக்குப் போய்விட்டேன்.

“யார்கிட்டயும் சொல்லல மேடம். இன்னிக்குப் பதக்கத்த வாங்கிக்கோங்க. அப்புறமா மெதுவா திருத்திக்கலாம்.”

எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. வெட்கப்படக்கூட உடம்பில் தெம்பில்லை. ஆனால் என்னை நம்பி எங்கேயோ ஒருவர் மூன்று வருடம் அந்த விருந்தாளியைத் தேடி அலைவார். அதை நினைக்க இன்னும் அசதியாக இருந்தது.

“நேத்து ஓட்டுனது கையில இருக்கா? குடுங்க.”

கண்ணாடியக்கா கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தார். நாற்பது நிமிடம் பழைய கதையைச் சொன்னேன். பிறகு இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டேன்.

“இது சாம்பிள் போட்டது. இது போடாதது. விருந்தாளி குழாய் மூடியிலேருந்து வந்திருக்கார். இதுல இருந்த ஒரே கொழுப்பு என்னோடதுதான்.”

அரங்கம் விழுந்து விழுந்து சிரித்தது. முடியட்டும் என்று காத்திருந்தேன்.

“இதுக்கு முன்னாடி காட்டுன படமெல்லாம் கடைசி வரிசையில உக்காந்திருக்கிறவங்க கையால செஞ்சது. இது ஒண்ணுதான் என் கையால செஞ்சது.”

சிரிப்பு நின்றது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.