பஸ்ஸை நிறுத்தப் போறாங்க

ஊர் வளர்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள். சைக்கிள் ஸ்டாண்டுக்காரருக்கும் அது கண்ணுக்குத் தெரிந்தது. ஊருக்கு வெளியே செருப்புக் கம்பெனி வந்தது. அதன் பின்னாலேயே ஒரு வங்கி, ஒரு பல் டாக்டர், கண்ணாடிக் கதவு போட்ட முடிவெட்டும் கடை. வளர்கிற ஊரில் தாம் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதுதான் அவருக்குப் பிடிபடவில்லை. சுற்றுவட்டாரத்து ஆட்கள் அவருடைய தகரக் கூரையின் கீழ் சைக்கிளை விட்டுவிட்டு, சந்தை முனை வரை நடந்து போய் நகரத்துக்குப் பஸ் பிடிப்பார்கள். அதுதான் அவர் பிழைப்பு. அதில் இதுவரை குழப்பம் ஒன்றும் இருந்ததில்லை.

குழப்பத்தைக் கொண்டுவந்தவன் கண்டக்டர். நல்ல பையன்தான், நின்று பேசத்தான் அவனுக்கு நேரம் கிடையாது. ஒரு நாள் காலை, ஓடுகிற பஸ்ஸின் படியில் தொங்கிக்கொண்டே ஸ்டாண்டைப் பார்த்துக் கத்தினான்.

"அண்ணே! அடுத்த மாசத்துலேர்ந்து இங்க பஸ்ஸை நிறுத்தப் போறாங்க!"

பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டது. ஸ்டாண்டுக்காரர் டோக்கன்களைக் கயிற்றில் கோத்துக்கொண்டிருந்த மனைவியிடம் போய், "கேட்டியா, பஸ்ஸை நிறுத்தப் போறாங்களாம்" என்றார்.

அந்த அம்மாளின் முகம் மலர்ந்தது. "நம்ம வாசல்லயா? அப்படிப் போடுங்க! இனிமே யாரும் சந்தை முனைக்கு நடக்க வேண்டாம். சைக்கிள் வைக்க இடம் பத்தாது பாருங்க."

"அட, நிறுத்தப் போறாங்கன்னா ஓட்ட மாட்டாங்கன்னு அர்த்தம். உள்ளூர்லயே கம்பெனி வந்தாச்சு, எவன் நகரத்துக்குப் போவான்? பஸ் காலி. நாமளும் காலி."

"உங்க வாயில நல்லதே வராதா? ஓட்டப் போறதில்லன்னா 'இங்க'ன்னு எதுக்குச் சொல்லணும்?"

"பின்ன, அங்கன்னா சொல்லுவான்?"

சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தும் இதே பேச்சுதான். சோறு ஆறிப்போனது. சும்மா இருந்த நேரமாக இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். ஆனால் குத்தகை முடிகிற நேரம் அது. இடத்துக்காரர் கறாராகச் சொல்லிவிட்டார்: "தொடர்றியா, விடுறியா? வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லிடு. இன்னும் நாலு பேர் கேக்குறாங்க." பஸ் நின்று போகுமென்றால் மறுபடியும் குத்தகை எடுப்பது முட்டாள்தனம். பஸ் வாசலில் நிற்குமென்றால் விடுவது அதைவிட முட்டாள்தனம்.

கண்டக்டரையே கேட்டுவிடலாம் என்று மறுநாள் சந்தை முனைக்குப் போய் நின்றார். பஸ்ஸிலிருந்து வேறொரு பையன் இறங்கினான். பழைய ஆள் வேலையை விட்டுவிட்டுக் கம்பெனியில் சேர்ந்துவிட்டானாம். "எனக்கு ஒண்ணும் தெரியாதுண்ணே, நானே நேத்துதான் வந்தேன்" என்றான் புதியவன். வளர்கிற ஊரில் இது ஒரு தொல்லை. யாரைக் கேட்டாலும் நேற்றுதான் வந்தவர்களாக இருக்கிறார்கள்.

விசாரிக்கக் கம்பெனி வாசலுக்குப் போனார். காவலாளி உள்ளே விடவில்லை. கடைசியில் போக்குவரத்து ஆபீஸ் ஜன்னலுக்கு முன்னால் போய் நின்றார்.

"சார், எங்க ஊர்ல பஸ்ஸை நிறுத்தப் போறாங்களா?"

உள்ளே இருந்தவர் தலையைத் தூக்கவில்லை. "பஸ்ஸுன்னா நிறுத்தத்தானே செய்வாங்க."

"இல்ல சார், எந்த நிறுத்து?"

"நிறுத்துறதுல எத்தனை நிறுத்துய்யா இருக்கு? தள்ளுங்க, பின்னாடி ஆள் நிக்குது."

அந்தக் குரலின் கடுகடுப்பை வைத்து ஸ்டாண்டுக்காரர் முடிவு கட்டினார். நல்ல சேதியை யாரும் இவ்வளவு எரிச்சலாகச் சொல்ல மாட்டார்கள் என்பது அவர் கணக்கு. மனைவி எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள், எல்லாம் கிணற்றில் போட்ட கல். வெள்ளிக்கிழமை இடத்துக்காரரிடம் போய், குத்தகையை விட்டுவிடுவதாகச் சொன்னார். டோக்கன்களை அவள் ஒரு டப்பாவில் போட்டு மூடினாள்.

அடுத்த மாதம் பிறந்தது. நகரத்துப் பஸ் வழக்கம்போல வந்தது, வழக்கம்போல வாசலில் நிற்காமலேயே போனது. நின்றும் போகவில்லை, வந்தும் நிற்கவில்லை. ஸ்டாண்டுக்காரருக்குத் தலை சுற்றியது. சைக்கிளில் வந்தவர்கள், "எங்கண்ணே விடுறது?" என்று அவர் வீட்டு வாசலிலேயே வந்து கேட்டார்கள்.

என்னதான் நடக்கிறது பார்ப்போம் என்று பழைய இடத்துக்கு நடந்தார். தகரக் கூரையைப் பிரித்திருந்தார்கள். மூன்று புத்தம் புதுக் கம்பெனி பஸ்கள் வரிசையாக நின்றன. கம்பெனிச் சட்டை போட்ட ஒருவன் ஓடி வந்தான். பழைய கண்டக்டர்.

"என்னண்ணே, இப்படிப் பண்ணிட்டீங்க? ஆளுங்களை ஏத்தி இறக்குன நேரம் போக இந்த பஸ்ஸெல்லாம் நிறுத்தி வைக்க இடம் தேடினாங்க. நான்தான் உங்க ஸ்டாண்டைச் சொன்னேன். பாதி இடம் பஸ்ஸுக்கு, பாதி இடம் சைக்கிளுக்கு, வாடகை உங்க கைக்கு. உங்ககிட்டயும் சொன்னேனே, இங்க பஸ்ஸை நிறுத்தப் போறாங்கன்னு!"

ஸ்டாண்டுக்காரருக்கு அழுகை வந்தது. அதைவிட அதிகமாகச் சிரிப்பு வந்தது. இரண்டையும் எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

"இடத்துக்காரர் நேரா கம்பெனிக்கே விட்டுட்டாரு" என்றான் பையன் தயங்கி. "ஒரு ஆள் வேணுங்கறாங்க. டிரைவர் பின்னாடி எடுக்குறப்போ கை காட்டணும். இந்த இடத்தோட மேடு பள்ளம் உங்களுக்குத்தான் அத்துப்படி. சம்பளம் உண்டு. வர்றீங்களா?"

வேறு வழி? வருகிறேன் என்றார். வேலை கிடைத்ததா போனதா என்று வீட்டில் கேட்பாள், என்ன சொல்வது என்பது இன்னொரு குழப்பம்.

அதற்குள் நான்காவது பஸ் வாசலில் திரும்பிப் பின்பக்கமாக வந்தது. அவர் கையை ஆட்டினார். "வா... வா... இன்னும் வா..." மனைவி டோக்கன் கோக்கும் முக்காலி இருந்த மூலை வரைக்கும் வண்டி வந்துவிட்டது.

"நிறுத்து!" என்று கத்தினார்.

டிரைவர் ஜன்னலில் தலையை நீட்டினார். "நிறுத்திட்டு இன்ஜினை அணைச்சிடவா, இல்ல இன்னும் எடுக்கணுமா? தெளிவாச் சொல்லுங்கண்ணே."