எண் போடாத வீடு

இறந்து கிடந்த அப்பாவின் காலை ஹசிந்தா நீட்டிப் பிடிக்க, பக்கத்து வீட்டுத் தச்சர் சிப்ரியானோ கயிற்றால் அளந்தார்.

"ஆறடிக்குக் கொஞ்சம் கம்மி. பலகை போதும் தாயி."

பலகை வேறெங்கிருந்தும் வரவில்லை. வீட்டுப் பலகைதான். மூன்று வருஷத்துக்கு முன்னால், வாடைக்காற்று கடலை வாசற்படி வரை கொண்டுவந்தபோது, அப்பா நிக்கானோர் தன் வீட்டைத் தானே பிரித்தார். கடலுக்கு ஏன் சும்மா தரவேண்டும் என்று ஒவ்வோர் ஆணியாகப் பிடுங்கி, பலகைகளை சிப்ரியானோவின் படகுக் கொட்டகையில் அடுக்கினார். அப்பனும் மகளும் அங்கேயே ஒண்டிக்கொண்டார்கள். கெட்டிக்காரன் என்று ஊரே மெச்சியது.

அடுத்த மாதம் அரசாங்கத்து ஆட்கள் வந்து, நிற்கிற வீடுகளுக்கு மட்டும் சிவப்புப் பெயின்ட்டில் எண் போட்டார்கள். மொத்தம் நாற்பத்திரண்டு. மேட்டில் கட்டிய புதுக் குடியிருப்பிலும் நாற்பத்திரண்டு வீடு. நிக்கானோர் பலகை அடுக்கைக் காட்டி, "இதுவும் வீடுதான் ஐயா, படுத்திருக்கு" என்றார். வந்தவர்கள் சிரித்துவிட்டுப் போனார்கள். பாழாய்ப்போன கெட்டிக்காரத்தனம். கையைக் கட்டிக்கொண்டு இருந்தவர்களுக்கெல்லாம் கூரை கிடைத்தது.

சிப்ரியானோ சவப்பெட்டியை அடித்துக்கொண்டிருக்கும்போது குடியிருப்புச் சங்கத் தலைவர் ஓதிலோன் வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் தொப்பி. ஹசிந்தா காப்பி கொடுத்தாள்.

"எங்க வெக்கப்போறீங்க?"

"மேட்டுக் கல்லறையில."

"அது எண் இருக்கிற குடும்பத்துக்குத்தான்மா. நான் போட்ட சட்டமா? இன்னிக்கு உனக்கு விட்டா, நாளைக்கு ஆளாளுக்கு வந்து நிப்பாங்க. பழைய கல்லறையிலயே வெச்சிரு."

"அங்கதான் எங்கம்மா இருந்தா. வந்து இடத்தைக் காட்டுங்க அண்ணே, பக்கத்துலயே வெக்கிறேன்."

ஓதிலோன் காப்பியைப் பார்த்தார். அவள் அம்மாவின் சவத்தைத் தூக்கியவர்களில் அவரும் ஒருவர். போன அக்டோபரில் சிலுவையோடு அந்தக் கல்லறை வரிசை முழுக்கக் கடலுக்குள் போனது.

அம்மாவைக் கொடுத்தாயிற்று. அப்பாவையும் அந்தத் தண்ணீருக்குக் கொடுக்க ஹசிந்தாவால் முடியாது.

சிப்ரியானோ கடைசி ஆணியை இறக்கினார். அவள் மூலையிலிருந்த படகுப் பெயின்ட் டப்பாவைத் திறந்தாள். சிவப்பு. துணியைத் தோய்த்து, பெட்டியின் இரண்டு பக்கமும் பெரிதாக நாற்பத்து மூன்று என்று எண் போட்டாள்.

"படுத்திருந்த வீடு எழுந்திருச்சு. எழுதிக்கோங்க" என்றாள். அப்புறம்தான் அவளுக்கு அழுகை வந்தது.

சிப்ரியானோ சுத்தியலைத் துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார். ஓதிலோன் கோப்பையை வைத்தார். தொப்பியை ஆணியில் மாட்டிவிட்டு, பெட்டியின் முன்பக்கமாகக் குனிந்து தோள் கொடுத்தார்.

மேட்டில் பெட்டியை இறக்கியபோதும் பெயின்ட் காயவில்லை. ஓதிலோனின் வெள்ளைச் சட்டைத் தோளில் மூன்று மட்டும் இடவலம் மாறி ஒட்டியிருந்தது. அவர் அதைத் துடைக்காமல், மண்வெட்டியை வாங்கிக்கொண்டு குழிப் பக்கம் போனார்.