கம்பிக் கால்

அன்று முன்னறையில் இருந்தவர்கள் மூன்று பேர். வீட்டுக்கு மூத்தவரான பெரியவர். காலமாகிவிட்ட அவர் தம்பியின் மனைவி, பள்ளிச் சீருடை தைக்கும் தையல்காரி. பெரியவரின் தங்கை, வாய் ஓயாததால் ‘ரேடியோ’ என்று பெயர் வாங்கியவள். நான்காவது ஆள் கிடையாது. இருந்ததாகச் சொல்பவர்கள் அளக்கிறார்கள்.

மேஜைமேல் ஒரு சாண் உயரத்தில் ஒரு கம்பி மனிதன் நின்றிருந்தான். பொம்மையை மயிரிழை மயிரிழையாக நகர்த்திப் படமெடுக்கும் வகுப்புக்குத் தையல்காரி ஆறு வாரமாகப் போய்வருகிறாள். துணியும் பஞ்சும் பிறகுதான். முதலில் எலும்புக்கூடு. இரண்டு அலுமினியக் கம்பிகளை டிரில்லில் மாட்டி முறுக்கி, எலும்பு வரும் இடங்களில் புட்டி என்ற பசை மாவை அப்பி இறுக விட வேண்டும். பாதத்தில் ஒரு நட்டு. மேஜைக்கு அடியிலிருந்து அதில் போல்ட்டைத் திருகினால் பொம்மை ஒற்றைக் காலிலும் நிற்கும்.

பெரியவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்தார். “இடது கால் குட்டையா இருக்கே. அளவு தப்பிடுச்சா?”

“தப்பல அத்தான். அவரோட காலு அது.”

பக்கத்தில் அட்டையில் செய்த மதில் ஒன்று இருந்தது. செங்கல் செங்கலாக வண்ணம் தீட்டியிருந்தாள்.

“சின்னண்ணன் மதிலேறி விழுந்ததுல இருந்து ஆரம்பிக்குதாம் படம்,” என்றாள் ரேடியோ. “குரங்குச் சேட்டைக்குக் கிடைச்ச கூலின்னு தெருவே சிரிக்கப் போகுது.”

“உன் வாய்க்குப் பூட்டுப் போட ஒருத்தரும் இல்லையா?” என்றார் பெரியவர். சத்தம் கொஞ்சம் அதிகமாகவே வந்துவிட்டது.

மூன்று வாரத்தில் படத்தைப் பொதுக்கூடத்தில் திரையிடப் போகிறார்கள். தெருவே வரும். மதில் என்பது பெரியவர் பதினான்கு வயதில் அப்பாவிடம் சொன்ன பொய். ஒன்பது வயதுத் தம்பியைச் சைக்கிள் பின்னால் உட்கார வைத்து, பந்தயம் கட்டி மிதித்தவர் அவர்தான். காலை அகட்டி வைக்கச் சொல்ல மறந்தார். சக்கரக் கம்பிக்குள் குதிகால் போனது. தம்பி சாகும்வரை மதிலேறி விழுந்தவனாகவே நொண்டினான். ஒரு நாளும் மறுத்துப் பேசவில்லை. வீட்டு மானம் என்று பெரியவர் இத்தனை காலம் நெஞ்சை நிமிர்த்திக் காத்ததில் இதுவும் சேர்த்தி.

“காலை நேராக்கும்மா,” என்றார். “நாலு பேர் பார்க்கிற இடத்துல அவனை நொண்டியா காட்டணுமா? மதிலும் வேண்டாம்.”

தையல்காரி மறுக்கவில்லை. கணுக்காலை நிமிர்த்தி நாலு அடி நடக்கவிட்டாள். பார்த்தாள். மறுபடி மடக்கினாள்.

“இது யாரோ நடக்கிற மாதிரி இருக்கு அத்தான்.”

“இருக்கட்டும். நேராக்கு.”

நிமிர்த்தினாள். மடக்கினாள். நிமிர்த்தினாள். எத்தனையாவது தடவையோ, ‘டக்’ என்றது. பாதம் மேஜையிலேயே நின்றது. பொம்மை அவள் கையோடு வந்துவிட்டது.

அவள் ஒடிந்த முனையைத் தடவிப் பார்த்தாள். “என் தப்புதான். புட்டியைக் கணுக்கால்வரைக்கும் அப்பிட்டேன். மடங்க ஒரு நகக்கண் இடமாவது விட்டிருக்கணும். ஒரே இடத்துல மடக்கினா எந்தக் கம்பி தாங்கும்?”

பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்தது தெரியாமல் உட்கார்ந்தார்.

“உன் தப்பில்லம்மா. அன்னிக்கும் இதே சத்தம்தான். மதில் இல்ல. சைக்கிள். நான்தான் ஓட்டினேன்.”

ரேடியோ வாயைப் பொத்திக்கொண்டாள். “அண்ணே, அப்பா சின்னண்ணனைத்தானே அடிச்சாரு? கட்டுப் போட்ட காலோட?”

“ஆமா. நான் நின்னு பார்த்துக்கிட்டிருந்தேன்.”

தையல்காரி அழுவாள் என்று அவர் எதிர்பார்த்தார். திட்டினால் வாங்கிக்கொள்ளவும் தயாராக இருந்தார். அவள் மதிலை எடுத்துச் சுவரோரம் திருப்பி வைத்தாள். வெகுநேரம் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

“முப்பது வருஷம் குடும்பம் நடத்தினேன். என்கிட்டகூட மதில்னுதான் சொன்னாரு,” என்றாள். பிறகு டிரில்லை எடுத்தாள். “சக்கரம் எத்தனை பெரிசு அத்தான்? அப்போ அவரு இடுப்பு உயரம் இருக்குமா?”

பெரியவர் எழுந்து தன் தொடையில் கையை வைத்து உயரம் காட்டினார். அவள் தையல் டேப்பை வைத்து அளந்துகொண்டாள்.

படம் ஓடியது. திரையில் சைக்கிள்தான் வந்தது. பெரியவர் முன்வரிசையில் கடைசிவரை உட்கார்ந்திருந்தார். யாரும் சிரிக்கவில்லை. வெளியே வந்தபோது இரண்டு பேர் அவருக்கு வணக்கம் சொல்லவில்லை.

இப்போது தெருவில் ஒரு பேச்சு: குட்டு வெளிப்பட்ட ஆத்திரத்தில் பெரியவர்தான் முதல் பொம்மையின் காலை முறித்துப் போட்டாராம். தவறு. பொம்மையை அவர் தொடவே இல்லை. அது ஒடிந்தது தையல்காரியின் கையில்.