மரத்துப்போன கையில் மழை

சின்னச் சின்னச் சிவப்புப் பொரிகள் நிறைந்த என் மேல்கையில் மழைத்துளி நேராக வழியாது. ஒவ்வொரு பொரியிலும் தட்டி, வளைந்து, நின்று, பிறகு இறங்கும்.

சின்ன வயதில் பள்ளிக்கூட வாசலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். அப்போது என் கைமேல் எனக்குக் கோபம் இல்லை.

பூ வைத்த அன்று வந்தது கோபம். எனக்கு வளையல் போட வந்தார் மாப்பிள்ளை மணிவாசகத்தின் அம்மா. முழங்கை வரை ரவிக்கை போட்டிருந்தார். வளையலை விட்டுவிட்டு என் மேல்கையைத் தடவினார்.

"என்னம்மா, கை இப்படிச் சொரசொரன்னு இருக்கு? கல்யாணத்துக்குள்ள சரி பண்ணிடுங்க."

கூடம் நிறைய ஆட்கள். யாரோ சிரித்தார்கள். என் அம்மாவும் சிரித்தாள். அதுதான் எரிந்தது.

"இது ஒட்டுவாரொட்டி இல்லம்மா, நிறைய பேருக்கு இருக்கு" என்றார் தோல் டாக்டர். "லேசர்ல மங்கும். முழுசா போயிடும்னு சொல்ல மாட்டேன்."

தையில் கல்யாணம். புரட்டாசியில் ஒரு முறை. ஐப்பசியில் ஒரு முறை. கண்ணுக்குக் கறுப்பு மூடி. மூடிக்குள்ளும் ஒரு சிவப்பு. சுள். ரப்பர் பேண்டை இழுத்து விட்டது போல. சுள். நான் என்ன தப்பு செய்தேன்? சுள்.

கார்த்திகையில் மணிவாசகமும் கூட வந்தான். நர்ஸ் என் கைகளில் மரத்துப்போக வைக்கும் களிம்பைப் பூசி, பிளாஸ்டிக் தாளைச் சுற்றினார். முக்கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும்.

வெளியே மழை. நனைந்த சட்டைக் கையை அவன் தோள்வரை சுருட்டிப் பிழிந்தான்.

அதே பொரி. அதே சிவப்பு. என்னுடையதைவிட அடர்த்தி.

"உங்களுக்கும் இருக்கா?"

"சின்னதுலேர்ந்தே இருக்கு. அம்மாகிட்டேர்ந்து வந்தது." போனைப் பார்த்தபடியே சொன்னான். "அதான் அவங்க கையை மூடியே ரவிக்கை தைப்பாங்க. ஆம்பளைக்கு என்ன, யாரு பாக்கப் போறா?"

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். தன் கை தெரியாமல் இருக்குமா?

அந்த அம்மாவையும் எவளோ ஒருத்தி தடவிப் பார்த்திருப்பாள். பாவம் என்று நினைத்திருக்கலாம். நினைக்கவில்லை. கோபம்தான் வந்தது. கோபம் மட்டும்தான்.

நர்ஸ் என் பெயரைக் கூப்பிட்டார். நான் பிளாஸ்டிக் தாளைக் கிழித்தேன்.

"அக்கா, என் முறையை இவருக்குக் குடுத்துடுங்க. தையில கல்யாணம் நடக்கறதா இருந்துச்சு, பாவம்."

அவன் அப்போதுதான் போனிலிருந்து தலையைத் தூக்கினான்.

தெருவில் நல்ல மழை. பஸ் நிறுத்தத்தில் கூரைக்கு வெளியே நின்றேன். துளி கையில் விழுவதைக் கண் பார்த்தது. கைக்குத் தெரியவில்லை. களிம்பு கரைந்து வெள்ளையாக ஓடியது.

மூன்று பஸ்ஸை விட்டேன். நான்காவது வருவதற்குள் ஒரு துளி சில்லென்றது. பிறகு இன்னொன்று.

ஒவ்வொரு பொரியிலும் தட்டி, வளைந்து, நின்று, பிறகு இறங்கியது.