செல்வியின் வேண்டுதல்

ஆபரேஷன் முடிந்து மூன்று மாதம் கழித்து ஒரு நாள், தலை துவட்டிய துண்டில் ஒரு கொத்து முடி இருப்பதை வினோதா பார்த்தாள். அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மறுநாள் சீப்போடு வந்தது. அடுத்த வாரம் குளியலறையில் தண்ணீர் இறங்காமல் தேங்கி நின்றது.

டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். இரைப்பையில் முக்கால் பங்கை வெட்டி எடுத்த பிறகு, உள்ளே போகும் கொஞ்ச சாப்பாட்டை உடம்பு உயிர் பிழைக்கத்தான் வைத்துக்கொள்ளும். முடியை அது கவனிக்காது. நாலைந்து மாதம் கொட்டும், பிறகு தானாக முளைக்கும், பயப்படாதீர்கள் என்றார். நூற்றுப் பதினெட்டு கிலோவில் உட்கார்ந்திருந்த வினோதாவுக்கு அப்போது முடி ஒரு பொருட்டாகவே தெரியவில்லை. முப்பத்தாறு வயதில் முட்டி தேய்ந்து, சர்க்கரை முந்நூறைத் தாண்டி, ஒரு மாடி ஏறினால் பத்து நிமிடம் நிற்க வேண்டியிருந்தது.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், கார்களுக்குப் பிளாஸ்டிக் பாகங்கள் செய்யும் கம்பெனியில் அவள் ஸ்டோர்ஸைப் பார்த்துக்கொண்டாள். பதினான்கு வருடமாக அங்கே அவள் பெயர் குண்டு வினோதா. அங்கே வேறு வினோதா இல்லை, இருந்தாலும் அப்படித்தான். அதனால் லீவு கேட்கும்போது பித்தப்பையில் கல் என்று எழுதிக் கொடுத்தாள். உண்மை தெரிந்தது மணவாள நகரில் இருந்த தம்பி அன்புசெல்வனுக்கும் அவன் மனைவி பூமிகாவுக்கும் மட்டும்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் வீட்டுக்குப் போவாள். ஒரு ஞாயிறு சாம்பாரில் நீளமாக ஒரு முடி கிடந்தது. பூமிகா கிண்ணத்தை எடுத்துப்போய்க் கொட்டிவிட்டு வந்தாள். அன்று மாலை புறப்படும்போது, "அண்ணி, ஒடம்பு செரியாவற வரைக்கும் இவ்ளோ தூரம் அலையாதீங்க" என்றாள். அன்பாகத்தான் சொன்னாள். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் வினோதா தன் வாடகை அறையிலேயே இருந்தாள். ஒரு முட்டையை அரை மணி நேரம் சாப்பிடுவாள். முன்பெல்லாம் தனியாக இருந்தால் சாப்பாடாவது துணைக்கு இருந்தது. இப்போது அதுவும் இல்லை.

வகிடு அகலமாகி, உச்சியில் தோல் தெரியத் தொடங்கியதும் துப்பட்டாவைத் தலைக்குச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போனாள். அதன் பிறகுதான் கம்பெனியில் எல்லாரும் மாறினார்கள். சூப்பர்வைசர் எட்வர்ட் தானே எழுந்து நாற்காலியைக் கொடுத்தார். லோடிங் ஆட்கள் அவளைப் பெட்டி தூக்க விடவில்லை. குண்டு என்ற சொல்லை யாரும் சொல்லவில்லை. ஏன் என்று அவளுக்குப் புரிய இரண்டு நாள் ஆயிற்று. கழிப்பறைக்குள் இருந்தபோது வெளியே இரண்டு பெண்கள் பேசிக்கொண்டார்கள். கேன்சராம், பாவம், வெளியே சொல்ல மாட்டேங்குறா.

அப்போதே கதவைத் திறந்து சொல்லியிருக்கலாம். அவர்கள் போகும்வரை உள்ளேயே நின்றாள். பதினான்கு வருடத்தில் முதல்முறையாக எல்லாரும் அவளிடம் மரியாதையாகப் பேசினார்கள். அதை இழக்க மனம் வரவில்லை. அறைக்குப் போனதும் தன்மேலேயே அருவருப்பாக இருக்கும். காலையில் மறுபடி துப்பட்டாவைச் சுற்றுவாள்.

ஒரு திங்கட்கிழமை பேக்கிங் தமிழ்செல்வி ஸ்டோர்ஸுக்கு வந்தாள். பழவேற்காட்டுப் பக்கத்து மீனவக் குப்பத்துக்காரி. இவள் வயதுதான். மதியத்தில் இருவரும் ஒரே பெஞ்சில் சாப்பிடுவார்கள். இடுப்பைத் தாண்டித் தொங்கும் ஜடையை வேலைத் தொப்பிக்குள் அடக்க முடியாமல் தினமும் திட்டிக்கொண்டிருப்பாள். அன்று தொப்பியைக் கழற்றினாள். தலை மொட்டையாக, சந்தனம் பூசியிருந்தது.

"இன்னா செல்வி இது?"

"நேத்து திருப்பதிக்குப் போய்ட்டு வந்தோம். உனக்காக வேண்டிக்கினது." ஒரு லட்டை வினோதா கையில் வைத்தாள். "நீ வாயத் தொறந்து சொல்லல. எங்களுக்குத் தெரியாதா? எங்க சித்திக்கும் இப்டிதான் மொதல்ல முடி கொட்டிச்சு. எங்கூட்டுக்காரரே சொன்னாரு, அந்தப் பொண்ணுக்குன்னு யாரு கீறாங்க, போய்ட்டு வரலாம்னு."

லட்டு கையில் கனத்தது. ஆபரேஷனுக்குப் பிறகு இனிப்பு ஒரு வாய் போனாலும் வினோதாவுக்கு வியர்த்து, தலை சுற்றும். அதை மேசைமேல் வைத்துவிட்டு, உட்கார்ந்து, எல்லாவற்றையும் சொன்னாள். எடை, ஆபரேஷன், பித்தப்பைப் பொய், முடி மறுபடி முளைக்கும் என்பது வரை.

தமிழ்செல்வி நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்போ கேன்சர் இல்ல."

"இல்ல."

"எம் புள்ளைங்க தெனம் உன் பேரச் சொல்லி சாமி கும்பிட்டுக்கினு இருந்துச்சுங்க. ஏன் சொல்லல?"

"சொன்னா சிரிப்பாங்கன்னு."

"நானுமா?"

தமிழ்செல்வி தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாளிலிருந்து அவள் வேறு பெஞ்சில் சாப்பிட்டாள். ஆனால் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மொட்டை எதற்கு என்று கேட்டவர்களிடம், வேண்டுதல் என்றதோடு நிறுத்திக்கொண்டாள். எல்லாரும் வினோதாவை இன்னும் அதே பரிவோடு பார்த்தார்கள். அந்தப் பார்வை இப்போது தாங்க முடியாததாக இருந்தது. மூன்று வாரம் பக்கத்தில் யாருமில்லாமல், ஐந்து ஸ்பூன் தயிர்சாதத்தைக் கேன்டீன் சுவரைப் பார்த்தபடி தின்றாள்.

நான்காவது வாரம் ஒரு நாள் எட்வர்ட், "கீமோ எத்தினி பாக்கி இருக்குதும்மா?" என்று மெல்லக் கேட்டார். கேன்டீனில் இருபது பேர் இருந்தார்கள். வினோதா துப்பட்டாவை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"எனக்குக் கேன்சர் இல்ல சார். எட கொறைக்க வயித்துல ஆபரேஷன் பண்ணிக்கினேன். அதுல முடி கொட்டுது. வளந்துரும்."

பின்னாலிருந்து ஒருவன் சிரித்தான். "சோத்தக் கொறச்சிருந்தா போதுமே" என்றாள் ஒருத்தி, கூட இரண்டு பேர் சிரித்தார்கள். எட்வர்ட் முகம் சிவந்து தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். தமிழ்செல்வி தலை நிமிராமல் மீன்முள்ளை எடுத்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் வினோதா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். நெற்றியோரத்தில் பூனைமுடிபோல ஏதோ தட்டுப்பட, விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் யாரோ உட்கார்ந்தார்கள்.

"கொஞ்சம் தள்ளு" என்றாள் தமிழ்செல்வி. பஸ் கிளம்பியது. பிறகு, "பசங்ககிட்ட உனக்கு ஒடம்பு நல்லாயிடுச்சுன்னு சொல்லிட்டேன்" என்றாள்.

"கோவம் போயிடுச்சா?"

"இல்ல."

ஸ்டேஷன் ரோட்டில் வினோதா இறங்கினாள். பஸ் பொன்னேரிப் பக்கம் திரும்பிப் போனது. கடையில் இரண்டு முட்டை வாங்கிக்கொண்டு, தலையை மூடாமல், அறைக்கு நடந்தாள்.