நீலக்கொடி வண்டிக்குள் யார்?

1.
இந்தக் கதையை எனக்குச் சொன்னவள் ஒரு மருந்துக்கடைக்காரி. சொல்லும்போது அடிக்கடி வாசலைப் பார்த்தாள். பொய் சொல்கிறவர்களும் அப்படிப் பார்ப்பார்கள், பயந்தவர்களும் பார்ப்பார்கள். அவள் எந்த ரகம் என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

2.
'போரின் கோரப்பிடியில் சிக்கிய அந்த நகரம்...' வேண்டாம், செய்தித்தாள் வாடை.

சண்டை நெருங்கியபோது பன்னாட்டு அமைதிப்படை தெருமுனையில் ஒரு கவச வண்டியை நிறுத்தியது. நீலக்கொடி, கறுப்புக் கண்ணாடி. அதன்பின் துப்பாக்கிக்காரர்கள் தெருவுக்குள் கால் வைக்கவில்லை. ஓடிப்போனவர்களில் பாதிப்பேர் திரும்பிவிட்டார்கள். மருந்துக்கடைக்காரி நன்றிக்காக ஃபிளாஸ்கில் டீ எடுத்துப்போய் வண்டிக் கதவைத் தட்டினாள். பதில் இல்லை. கைப்பிடியைத் திருகினாள், திறந்துகொண்டது. உள்ளே ஈ காக்கைகூட இல்லை. இருக்கையெல்லாம் தூசி.

(கவச வண்டியைப் பூட்டாமலா போவார்கள்? நானும் கேட்டேன். "என்னைக் கேட்டா? விட்டுட்டுப் போனவங்களைக் கேளுங்க" என்றாள்.)

3.
டீயைச் சக்கரத்தடியில் கொட்டிவிட்டுத் திரும்பினாள். எதிர்வீட்டுக்காரர் கேட்டார்: "குடிச்சாங்களா?"

"குடிச்சாங்க. சர்க்கரை கம்மின்னாங்க."

மறுநாள் எதிர்வீட்டிலிருந்து சர்க்கரை வந்தது. அன்றாடம் டீ போட்டு அன்றாடம் கொட்டினாள். வானொலியில் அமைதிப்படை அதிகாரி, 'பொதுமக்களின் பாதுகாப்புக்கு நாங்கள் பொறுப்பு' என்றார். அவள் வானொலியை அணைத்தாள்.

4.
அவளுடைய அக்கா அகதி முகாமிலிருந்து ஃபோன் செய்தாள்.

"ஏய், அந்த வண்டி நிக்குதுல்ல?"

"நிக்குதுக்கா."

"உள்ள ஆள் இருக்காங்கல்ல? இருந்தா பிள்ளைங்களைக் கூட்டிட்டு வந்திடறேன்டி. சின்னவனுக்கு இருமல் நிக்கவே மாட்டேங்குது."

அந்த ஊரில் எல்லா ஃபோனையும் துப்பாக்கிக்காரர்கள் ஒட்டுக்கேட்கிறார்கள். 'இல்லை' என்றால் தெருவே போச்சு. 'இருக்காங்க' என்றால் பிள்ளைகள் வந்துவிடுவார்கள்.

(வேறு சாக்கு சொல்லலாமே என்கிறீர்கள். 'வீட்டுல தண்ணி வரலைக்கா' என்று எழுதிப் பார்த்தேன். "இங்க மட்டும் வருதா?" என்று அக்கா சிரித்துவிட்டாள்.)

5.
முடிவு அ: அவள் 'இருக்காங்க' என்றாள். பிள்ளைகள் வந்து இறங்கிய அன்றே... என் கை ஓடவில்லை.

முடிவு ஆ: ஃபோன் துண்டிக்கப்பட்டது. இது என் கோழைத்தனம்.

என்ன சொன்னாய் என்று அவளிடமே கேட்டேன். "இதை எழுதப்போறீங்களா? யார் படிப்பாங்க?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. நீங்கள் யாரென்று இப்போதும் தெரியாது. ஆனால் வண்டி காலி என்பது இனி உங்களுக்கும் தெரியும். தெருப்பெயரை நான் எழுதாதது அதனால்தான்.

அக்கா இன்னும் லைனில் இருக்கிறாள். "சொல்லுடி, உள்ள ஆள் இருக்கா இல்லையா?"

ஃபோனை உங்களிடம் தருகிறேன். வேறு யாரோ கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், பார்த்துப் பேசுங்கள்.