முப்பத்திரண்டாவது துண்டு

பாரிக்யே எழுதியிருந்த நிறுவலில் 'தெளிவாகவே' என்ற ஒரு சொல் கியோகுசீமாவை உறுத்திக்கொண்டே இருந்தது.

உகாண்டாவின் எம்பராரா பல்கலைக்கழகத்தில் கணினிப் படிப்பின் முதலாண்டில் இருவரும் ஒரே பெஞ்சு. வீட்டுப்பாடத்தை ஜோடியாகக் கொடுக்கலாம். வட்டத்தின் விளிம்பில் புள்ளிகள் வைத்து, ஒவ்வொன்றையும் மற்ற எல்லாவற்றோடும் கோட்டால் இணைக்க வேண்டும். மூன்று கோடுகள் ஓரிடத்தில் சந்திக்கக் கூடாது. ஒரு புள்ளி கூடினால் வட்டத்தின் துண்டுகள் இரட்டிக்கும் என்று நிறுவச் சொல்லியிருந்தார் விரிவுரையாளர் ருவாப்வோகோ. இரண்டு புள்ளிக்கு இரண்டு துண்டு, மூன்றுக்கு நான்கு, பிறகு எட்டு, பதினாறு. புதிய கோடுகள் பழைய துண்டு ஒவ்வொன்றையும் தெளிவாகவே இரண்டாக வெட்டும் என்று பாரிக்யே முடித்துவிட்டான்.

அவள் ஆறு புள்ளி வைத்து எண்ணினாள். முப்பத்திரண்டு வர வேண்டிய இடத்தில் முப்பதுதான் வந்தது.

"அழகா இருக்கணும்னு சமமா வெச்சிருக்கே. நடுவுல மூணு கோடு முட்டுது பாரு. ஒரு புள்ளிய நகர்த்து" என்றான்.

நகர்த்தினாள். முப்பத்தொன்று. முதலில் தன் கண்ணைச் சந்தேகித்தாள். துண்டுக்குத் துண்டு எண் எழுதிப் பார்த்தாள். அப்போதும் ஒன்று குறைந்தது. அடுத்த சந்தேகம் பாரிக்யே மேல். துருவிக் கேட்டதில், பக்கத்து அறைப் பையனின் தாளைப் பார்த்து எழுதியதாக ஒப்புக்கொண்டான். விளிம்பை ஒட்டிய ஒரு துண்டில் விரலை வைத்து, இதற்குள் எந்தப் புதிய கோடு வருகிறது என்று கேட்டாள். எதுவும் வரவில்லை.

"நிறுவுகன்னுதானே கேள்வியில இருக்கு. அவரு தப்பா கேப்பாரா?"

அதுதான் அவளுக்கும் பயம். பாரிக்யே சேர்ந்து கையெழுத்துப் போட மறுத்ததால், கூற்று தவறு என்று எழுதி, எண்ணிட்ட படத்தோடு தனியாகக் கொடுத்தாள்.

மறுவாரம் ருவாப்வோகோ அவளை அழைத்தார்.

"யாரு சொல்லிக் குடுத்தது?"

"யாருமில்ல, ஸெபோ. எண்ணினேன்." ஐயா என்பதற்கு அங்கே அந்தச் சொல்தான்.

அவர் நம்பவில்லை. கரும்பலகையில் புள்ளிகளைத் தானே வைத்துவிட்டு எண்ணச் சொன்னார். ஒவ்வொன்றாக எண்ணினாள், முப்பத்தொன்றுதான். கூற்று தவறு என்று தெரிந்தேதான் அப்படிக் கேட்டதாகவும், மற்ற எல்லாத் தாளிலும் அதே 'தெளிவாகவே' இருந்ததாகவும் சொன்னார். ஆனால் அவள் தாளின் கடைசி வரியைச் சிவப்பு மையால் அடித்திருந்தார். ஆறு புள்ளிக்கு எப்போதுமே முப்பத்தொன்றுதான் என்று அதில் எழுதியிருந்தாள்.

"எப்பவுமேவா? நீ வரைஞ்சது ஒரு படம். பலகையில இருக்கறது இன்னொண்ணு. மத்ததெல்லாம்?"

தாளோடு பெஞ்சுக்கு வந்து உட்கார்ந்தாள். பாரிக்யே கேலி செய்யவில்லை. தாளைத் தன் பக்கம் இழுத்து, கோடுகளை ஒவ்வொன்றாகப் போட ஆரம்பித்தான். ஒரு கோடு போட்டால் ஒரு துண்டு கூடுகிறது, அது வேறு கோட்டை வெட்டும் ஒவ்வோர் இடத்துக்கும் இன்னொன்று. கோடுகள் பதினைந்து, வெட்டும் இடங்களும் பதினைந்து, முதலில் இருந்த முழு வட்டம் ஒன்று, ஆக முப்பத்தொன்று.

"வெட்டற இடம் ஏன் பதினஞ்சு?" என்றாள்.

விளிம்பில் எந்த நாலு புள்ளியை எடுத்தாலும் ஒரே ஒரு வெட்டுதான், ஆறில் நாலைப் பதினைந்து விதமாக எடுக்கலாம் என்றான். ஏன் என்று மறுபடி கேட்டாள். அவன் நாலு புள்ளியை வைத்து, எந்த இரண்டு கோடு வெட்டும், மற்றவை ஏன் வெட்டாது என்று ஒவ்வொன்றாகக் காட்டினான். நாலாவது முறை கேட்ட பிறகுதான், சிவப்பில் அடிபட்ட அந்த 'எப்போதுமே' வரியை அவனை மறுபடி எழுதவிட்டாள்.